வெளிநாட்டுக் கொள்முதலும் தொழிற்சாலையின் உற்பத்தித்திறனும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து ஒரு பாகத்தை வாங்கலாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு எண்தான் பேசப்படுகிறது: ஒரு பீஸின் விலை. பக்கத்தில் வாங்கினால் இவ்வளவு, வெளிநாட்டில் வாங்கினால் இவ்வளவு. வித்தியாசத்தைக் கொள்முதல் துறை மிச்சம் என்று எழுதிக்கொள்கிறது. சரக்கு வராமல் நின்ற மெஷின், அளவு தப்பிய பாகத்தைச் சரிசெய்யப் போன நேரம், அவசரத்துக்கு விமானத்தில் வரவழைத்த செலவு எல்லாம் உற்பத்தித் துறையின் கணக்கில் போய் விழுகின்றன. இந்த இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்காதவரை, அந்தக் கொள்முதல் நிறுவனத்துக்கு நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒரே தாளை எப்படித் தயாரிப்பது, அதில் வரும் எண்களை எப்படி நம் பக்கம் திருப்புவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

உற்பத்தித்திறன் என்றால் என்ன என்பதில் குழப்பம் வேண்டாம். வெளியே போகும் சரக்கை, அதைச் செய்ய உள்ளே போட்ட உழைப்பு, மெஷின் நேரம், மூலப்பொருள், முதலீடு ஆகியவற்றால் வகுத்தால் கிடைப்பது அது. விலை மலிவாக வாங்குவது வகுக்கும் எண்ணில் ஒரு துண்டை மட்டும் குறைக்கிறது. மீதித் துண்டுகள் ஏறினால் பலன் இல்லை.

முதல் படி: ஆர்டர் போடும் முன் இன்றைய நிலையை அளந்து வையுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேராக சப்ளையர் தேடப் போகிறவர்கள்தான் அதிகம். பிறகு ஆறு மாதம் கழித்து, முன்னேறினோமா பின்தங்கினோமா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும்.

அளக்க வேண்டியவை நான்குதான். ஒரு ஆள்-மணிக்கு எத்தனை நல்ல பீஸ் வெளியே போகிறது. பொருள் இல்லாமல் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் லைன் நிற்கிறது. உள்ளே வரும் சரக்கில் எவ்வளவு ரிஜெக்ட் ஆகிறது. அந்தப் பாகத்தின் ஸ்டாக் சராசரியாக எத்தனை நாள் தாங்குகிறது. மூன்று மாதத்துக்காவது எழுதி வையுங்கள். லைன் நின்ற நேரத்தை சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகக் கேட்டு வாங்கினால் போதாது. நின்ற நேரத்திலேயே காரணத்தோடு ஷிஃப்ட் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இரண்டாம் படி: எதை வெளியே வாங்குவது என்று தேர்ந்தெடுப்பது

வெளிநாட்டுக் கொள்முதல் உற்பத்தித்திறனை உயர்த்தும் என்பதற்கு நல்ல ஆதாரங்கள் உண்டு. மேரி அமிட்டி, ஜோசஃப் கோனிங்ஸ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 1991 முதல் 2001 வரையிலான இந்தோனேசியத் தொழிற்சாலைகளின் தரவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். மூலப்பொருள்கள் மீதான இறக்குமதி வரி 10 சதவீதப் புள்ளி குறைந்தபோது, அவற்றை இறக்குமதி செய்யும் நிறுவனங்களின் உற்பத்தித்திறன் 12 சதவீதம் உயர்ந்ததாக அவர்கள் கணக்கிட்டார்கள். ஹங்கேரிய நிறுவனங்களைப் பற்றி 2015இல் வந்த இன்னோர் ஆய்வு, எல்லா வகை உள்ளீடுகளையும் இறக்குமதி செய்தால் ஒரு நிறுவனத்தின் வருவாய் சார்ந்த உற்பத்தித்திறன் 22 சதவீதம் உயரும் என்று மதிப்பிட்டது. அந்த 22இல் ஏறத்தாழ பாதி, உள்நாட்டுப் பொருளும் வெளிநாட்டுப் பொருளும் ஒன்றுக்கு ஒன்று முழு மாற்று இல்லை என்பதால் வருவது. அதாவது இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது தனித்தனியாகக் கிடைப்பதைவிடக் கூடுதல் பலன் கிடைக்கிறது. வெறும் விலை மலிவால் மட்டும் வந்த உயர்வு இல்லை அது.

இதிலிருந்து புதியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி எளிது. பக்கத்தில் கிடைக்காத ஒன்றுக்காக வெளியே போங்கள். கூடுதல் துல்லியமான பேரிங், நம் மெஷினில் வேகமாக ஓடும் தரமான இழை, ஒரே செட்டப்பில் நான்கு வேலையை முடிக்கும் இயந்திரம், இங்கே யாரும் தயாரிக்காத ரசாயனம். இவை உங்கள் தளத்தில் வேலை நடக்கும் விதத்தையே மாற்றும். இதற்கு நேர்மாறாக, பக்கத்து ஆலையில் அதே தரத்தில் கிடைக்கும் ஒரு பாகத்தை விலைக்காக மட்டும் கடல் தாண்டி வாங்குவதானால், மிச்சம் நன்றாகவே பெரிதாக இருக்க வேண்டும். ஏன் என்பது அடுத்த இரண்டு படிகளில் தெரியும்.

அடிக்கடி டிசைன் மாறும் பாகம், தேவை திடீரென்று ஏறி இறங்கும் பாகம், கனமாகவும் மலிவாகவும் இருக்கும் பாகம் மூன்றையும் தொடக்கத்தில் ஒதுக்கி வையுங்கள். டிசைன் நிலைத்த, தேவை சீரான, எடைக்கு மதிப்பு அதிகமான ஒன்றில் தொடங்குவதே நல்லது.

மூன்றாம் படி: வாசலில் வந்து இறங்கும் முழுச் செலவு

கற்பனை எண்களில் ஒரு கணக்குப் போடுவோம். முறை புரிந்தால் போதும். உள்ளூர் சப்ளையர் உங்கள் ஸ்டோர்ஸ் வாசலில் இறக்கித் தரும் விலை 125. வெளிநாட்டு விலை 100. கப்பல் கட்டணம், காப்பீடு, சுங்க வரி, கிளியரிங், துறைமுகத்திலிருந்து லாரி எல்லாம் சேர்த்து 14. ஆக 114. பெரும்பாலான நிறுவனங்கள் கணக்கை இங்கேயே நிறுத்திவிடும், 11 மிச்சம் என்று.

தொடருங்கள். முன்பணம் கட்டிய நாள் முதல் சரக்கு கைக்கு வரும்வரை சராசரியாக 90 நாள் பணம் முடங்குகிறது என்றால், ஆண்டு வட்டி 12 சதவீதத்தில் ஏறத்தாழ 3. உள்ளூர் சரக்கைவிடக் கூடுதலாக 2 சதவீதம் ரிஜெக்ட் ஆனால் 2. அதிகமாக வைத்திருக்க வேண்டிய ஸ்டாக்கின் செலவு 1. ஆண்டுத் தேவையில் பத்தில் ஒரு பங்கு அவசரத்துக்கு விமானத்தில் வந்து, அந்த பீஸ் ஒவ்வொன்றுக்கும் 30 கூடுதலானால், மொத்தத்தில் பரவும்போது 3. இப்போது 123. 25 என்று தொடங்கிய மிச்சம் 2 ஆகிவிட்டது. லைன் நின்ற நேரத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

நேரத்துக்கே ஒரு விலை உண்டு என்பதை டேவிட் ஹம்மெல்ஸ், கேயார்க் ஷௌர் இருவரும் 2013இல் அமெரிக்க இறக்குமதித் தரவுகளை வைத்துக் காட்டினார்கள். பயணத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் சரக்கின் மதிப்பில் 0.6 முதல் 2.1 சதவீதம் வரை வரி போட்டதற்குச் சமம் என்பது அவர்கள் கணக்கு. தாமதத்தை அதிகம் தாங்காதவை உதிரிபாகங்களும் துணைப்பொருள்களும்தான் என்றும் அவர்கள் கண்டார்கள். தொழிற்சாலைகள் வாங்குவது பெரும்பாலும் அவற்றைத்தான்.

நான்காம் படி: லீட் டைம், அதைவிட முக்கியமாக அதன் தடுமாற்றம்

லீட் டைம் என்பது ஆர்டர் போட்ட நாள் முதல் சரக்கு கைக்கு வரும்வரை ஆகும் நாள்கள். இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். தூரத்தால் வரும் தாமதத்தை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். உற்பத்தியைக் குலைப்பது தாமதத்தைவிட, அது ஒவ்வொரு முறையும் வேறுவேறாக இருப்பது.

சரக்கு தாமதமானாலும் தேவை ஏறினாலும் சமாளிக்கக் கையில் வைக்கும் கூடுதல் சரக்குதான் சேஃப்டி ஸ்டாக். அதைக் கணக்கிடும் வழக்கமான முறை இது. சராசரி லீட் டைமை அன்றாடத் தேவையின் ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். அன்றாடச் சராசரித் தேவையின் வர்க்கத்தை லீட் டைமின் ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, 1.65ஆல் பெருக்குங்கள். நூறு ஆர்டர் சுற்றில் தொண்ணூற்றைந்தில் பொருள் தீராமல் இருக்க அவ்வளவு ஸ்டாக் வேண்டும். ஏற்ற இறக்கம் என்று இங்கே சொல்வது புள்ளியியலில் வரும் திட்ட விலக்கம். எக்செல் கணித்துத் தந்துவிடும்.

ஒரு நாளைக்கு 200 பீஸ் தேவை, அது 40 பீஸ் முன்பின் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் சப்ளையர் 7 நாளில் தருகிறார், ஒரு நாள் முன்பின் ஆகும். கணக்குப்படி 373 பீஸ் போதும், அதாவது இரண்டு நாள் சரக்குக்குச் சற்றுக் குறைவு. வெளிநாட்டு சப்ளையருக்கு 60 நாள், 12 நாள் முன்பின் ஆகும். இப்போது 3,993 பீஸ் வேண்டும். இருபது நாள் சரக்கு!

இங்கே கவனியுங்கள். 60 நாளை 30 நாளாகக் குறைத்து, 12 நாள் தடுமாற்றத்தை அப்படியே விட்டால் எவ்வளவு வேண்டும்? 3,976 பீஸ். கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. 60 நாளை அப்படியே விட்டு, தடுமாற்றத்தை 12இலிருந்து 6 ஆக்கினால்? 2,045. பாதியாகிவிட்டது. லீட் டைமைச் சுருக்கினால் வழியில் இருக்கும் சரக்கு குறையும், அதில் முடங்கும் பணமும் குறையும். அது தனிப் பலன். ஆனால் லைன் நிற்காமல் இருக்க ஸ்டோர்ஸில் எவ்வளவு அடுக்கி வைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தடுமாற்றம்தான். வேகமான கப்பலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, சொன்ன தேதியில் சரக்கை ஏற்றும் சப்ளையருக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது லாபம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தடுமாற்றத்தைக் குறைக்க என்ன செய்யலாம்? லீட் டைமை ஒரே எண்ணாக எழுதாமல் துண்டு துண்டாக உடையுங்கள்: ஆர்டர் உறுதியாகும் நாள், தயாரிப்பு முடியும் நாள், துறைமுகத்துக்குப் போகும் நாள், கப்பல் கிளம்பும் நாள், வந்து சேரும் நாள், சுங்கம் விடும் நாள், ஸ்டோர்ஸில் இறங்கும் நாள். ஐந்தாறு ஷிப்மென்ட்டுக்கு இந்தத் தேதிகளை எழுதினால் எந்தத் துண்டு ஆடுகிறது என்று தெரிந்துவிடும். கடல் பயணம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பல சமயம் ஆடுவது தயாரிப்பு முடியும் தேதியாகவோ, உங்கள் அலுவலகத்திலேயே ஆவணம் காத்துக் கிடக்கும் நாள்களாகவோ இருக்கும். அது உங்கள் கையில் இருப்பது, செலவில்லாமல் சரிசெய்யலாம்.

சப்ளையர் நாட்டின் விடுமுறைக் காலண்டரையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே சுவரில் மாட்டுங்கள். சீனப் புத்தாண்டையொட்டித் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடுகின்றன, திறந்த பிறகும் ஆள்கள் திரும்பி வந்து பழைய வேகம் பிடிக்க நாளாகும்.

ஐந்தாம் படி: தரத்தை அங்கேயே பிடிப்பது

உள்ளூர் சப்ளையர் அனுப்பிய சரக்கில் குறை இருந்தால் அன்றைக்கே போன் செய்து, நாளைக்கு மாற்றி வாங்கலாம். மேலே சொன்ன உதாரணத்தில் 60 நாள் லீட் டைம், ஒரு நாளைக்கு 200 பீஸ் தேவை. உங்கள் வாசலில் குறையைக் கண்டுபிடிக்கும் நாளில், அதே குறையோடு 12,000 பீஸ் கப்பலிலும் அவர்களுடைய தளத்திலும் இருக்கக்கூடும். தொலைவு தரக் குறையைப் பெருக்குகிறது. ஆகவே சோதனை அங்கே நடக்க வேண்டும், சரக்கு கப்பல் ஏறும் முன்.

டிராயிங்கில் எழுதாத எதுவும் அவர்களுக்குத் தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் பல ஆண்டுப் பழக்கத்தில் செய்துகொண்டிருந்த சின்னச் சின்ன விஷயங்கள், ஓரத்தின் பிசிறை எடுப்பது, எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றுவது போன்றவை, எந்தத் தாளிலும் இருக்காது. லைனில் அந்தப் பாகத்தைக் கையால் எடுத்துப் பொருத்துபவர்களிடம் போய் உட்காருங்கள். எது அவர்கள் வேலையை எளிதாக்குகிறது, எது தடுக்கிறது என்று கேட்டு, அதையெல்லாம் எழுத்தில் சேர்த்த பிறகு டிராயிங்கை அனுப்புங்கள். ஒரு வாரம் செலவானாலும் பரவாயில்லை.

அப்புறம் சாம்பிள். சப்ளையர் தனியாகக் கவனம் எடுத்துச் செய்து அனுப்பும் பத்து பீஸை வைத்து முடிவெடுக்காதீர்கள். வழக்கமான மெஷினில், வழக்கமான ஆள்களால், உண்மையான உற்பத்தி வேகத்தில் ஓட்டிய ஒரு சிறு தொகுதியைக் கேளுங்கள். அதை உங்கள் லைனில் ஓட்டி, ஆள்-மணிக்கு எத்தனை பீஸ் என்று முதல் படியில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் பொருத்தும் வேகம் குறையும் பாகங்கள் உண்டு.

ஷிப்மென்ட் கிளம்பும் முன் சோதிக்க மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. ஐ.எஸ்.ஓ. 2859-1 என்ற தரநிலையில் எத்தனை பீஸுக்கு எத்தனை சாம்பிள் எடுப்பது, எத்தனை குறை வரை ஏற்பது என்ற அட்டவணைகள் உள்ளன. எந்த அளவில் சோதிப்பது என்பதை விலை பேசும்போதே ஆர்டரில் எழுதிவிடுங்கள். சரக்கு தயாரான பிறகு பேசினால் தகராறுதான் மிஞ்சும்.

ஆறாம் படி: விற்பனை விதிகள், ஆவணங்கள், பணம்

சர்வதேச வர்த்தக சபை வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் விதிகளில் 2020 பதிப்பு இப்போது நடப்பில் இருக்கிறது. மொத்தம் 11 விதிகள். எந்த இடத்தில் பொறுப்பும் செலவும் விற்பவரிடமிருந்து உங்களுக்கு மாறுகிறது என்பதை அவை சொல்கின்றன. சரக்கின் உரிமை எப்போது மாறுகிறது என்று சொல்வதில்லை; அதை ஒப்பந்தத்தில் தனியாக எழுத வேண்டும். விற்பவரின் ஆலை வாசலிலேயே சரக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளும் எக்ஸ்-வொர்க்ஸ் விதியில் புதியவர்கள் வாங்காமல் இருப்பது நல்லது. விலை குறைவாகத் தெரியும், ஆனால் அந்த நாட்டின் ஏற்றுமதிச் சுங்க வேலையும் உங்கள் தலையில் வரும். கன்டெய்னர் சரக்குக்குப் பழக்கத்தில் எல்லோரும் எஃப்.ஓ.பி. (சரக்கு கப்பலில் ஏறியதும் பொறுப்பு மாறும் விதி) என்று எழுதுகிறார்கள், அந்த விதி கன்டெய்னருக்குப் பொருந்தாது என்று வர்த்தக சபையே சொல்கிறது, குறித்த இடத்தில் சரக்கைக் கொண்டுபோகும் நிறுவனத்திடம் ஒப்படைத்ததும் பொறுப்பு மாறும் எஃப்.சி.ஏ.தான் சரி. கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவரே கட்டும் சி.ஐ.எஃப்.-இல் அவர் எடுத்துத் தரும் காப்பீடு குறைந்தபட்சப் பாதுகாப்பு மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்தில் அதை வகைப்படுத்தும் உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். குறியீடு உண்டு. முதல் 6 இலக்கம் உலகம் முழுக்கப் பொது, அதற்குப் பின் வருவது நாட்டுக்கு நாடு மாறும். முதல் ஆர்டருக்கு முன்பே சுங்க முகவரிடம் இதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். குறியீட்டில் தகராறு வந்தால் கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும், உங்கள் லைன் காலியாகும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) மூன்றிலும் எடை, எண்ணிக்கை, விவரம் அச்சாக ஒன்றாக இருக்கிறதா என்று கப்பல் கிளம்பும் முன் வரைவிலேயே பாருங்கள். மரப்பெட்டியோ மரப் பேலட்டோ இருந்தால் மரத்தில் பூச்சி பரவாமல் பதப்படுத்தியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றுவது அதில் சொல்லியிருக்கும் வழக்கமான முறை.

லெட்டர் ஆஃப் கிரெடிட் (ஆவணங்களைக் காட்டினால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி) மூலம் பணம் கொடுத்தால், வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே, சரக்கை இல்லை. பெட்டிக்குள் மோசமான பாகம் இருந்தாலும் தாள்கள் சரியாக இருந்தால் பணம் போய்விடும். அதனால்தான், ஐந்தாம் படியில் சொன்ன ஆய்வுச் சான்றிதழை அந்தத் தாள்களில் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஏழாம் படி: வழி அடைபட்டால் என்ன செய்வது

2011 மார்ச்சில் ஜப்பானில் வந்த நிலநடுக்கமும் சுனாமியும், அதே ஆண்டின் பிற்பகுதியில் தாய்லாந்து வெள்ளமும் உலகெங்கும் தொழிற்சாலைகளை நிறுத்தின. ஹார்டு டிஸ்க் ஆலைகள் தாய்லாந்தில் குவிந்திருந்ததால் அதன் விலை உலகம் முழுக்க ஏறியது. 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. 2023 இறுதியிலிருந்து செங்கடலில் நடந்த தாக்குதல்களால் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் பத்து நாள் போல நீண்டது.

இதற்கெல்லாம் மொத்தமாக ஸ்டாக் ஏற்றி வைப்பது தீர்வு ஆகாது. எல்லாப் பாகத்துக்கும் அல்லாமல், இல்லாவிட்டால் லைன் நின்றுவிடும், மாற்றும் சீக்கிரம் கிடைக்காது என்ற பாகங்களுக்கு மட்டும் செய்யுங்கள். டொயோட்டா 2011க்குப் பிறகு செய்தது அதுதான். சிப்களைப் பொறுத்தவரை, பாகத்துக்கு ஏற்ப இரண்டு முதல் ஆறு மாதச் சரக்கை சப்ளையர்கள் வைத்திருக்கும்படி ஏற்பாடு செய்தது. ஸ்டாக்கே வேண்டாம் என்ற முறைக்குப் பெயர்போன நிறுவனம் அது. 2021 தொடக்கத்தில் சிப் தட்டுப்பாட்டால் மற்ற கார் நிறுவனங்கள் உற்பத்தியைக் குறைத்தபோது டொயோட்டா தாக்குப்பிடித்தது. தட்டுப்பாடு நீண்டபோது அதே ஆண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. முன்னேற்பாடு மாதக்கணக்கில் நேரம் வாங்கித் தந்தது, அவ்வளவுதான் அதன் எல்லை.

சிறு நிறுவனத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. தேவையில் எண்பது சதவீதத்தை வெளிநாட்டிலும் இருபது சதவீதத்தை உள்ளூரிலும் வாங்குவது. உள்ளூர் விலை அதிகம்தான். ஆனால் அந்த சப்ளையர் அச்சைத் தூக்கிப் போடாமல், மெஷினை விற்காமல், உங்களுக்காக ஓடிக்கொண்டிருப்பார். அவசரத்துக்கு விமானத்தில் வரவழைக்கும் செலவைக் குறைத்தாலே அந்த வித்தியாசத்தில் நல்ல பகுதி திரும்பி வரும்.

எட்டாம் படி: திரும்ப அளப்பது

மூன்றாவது ஷிப்மென்ட் லைனில் ஓடி முடிந்ததும் முதல் படியின் நான்கு எண்களையும் திரும்ப எழுதுங்கள். முதல் ஷிப்மென்ட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அதில் இரு தரப்பும் தனிக் கவனம் எடுத்திருக்கும். அவற்றோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: உங்கள் பொறியாளர்களும் கொள்முதல் ஊழியர்களும் இந்த ஒரு பாகத்துக்காகச் செலவழித்த நேரம். நேர வித்தியாசத்தால் இரவில் பேசிய அழைப்புகள், சரக்கு எங்கே என்று துரத்திய மின்னஞ்சல்கள், திரும்பத் திரும்பத் திருத்திய ஆவணங்கள். இது எந்தச் செலவுத் தலைப்பிலும் வராது. வேறு முன்னேற்ற வேலைகளைச் செய்திருக்க வேண்டிய ஆள்களின் நேரம் இது.

எண்கள் மோசமாக இருந்தால், ஏற்கெனவே இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்று தொடராதீர்கள். அந்தப் பாகத்தைத் திரும்ப உள்ளூருக்குக் கொண்டு வாருங்கள். இதற்கான வாசலை ஒப்பந்தம் போடும்போதே திறந்து வைக்க வேண்டும்: அச்சுக்கும் டூலிங்குக்கும் (அந்தப் பாகத்துக்கென்றே செய்த கருவிகள்) பணம் கொடுத்தது நீங்கள் என்றால், அவை உங்கள் உடைமை, கேட்ட இத்தனை நாளுக்குள் ஏற்றி அனுப்பப்பட வேண்டும், கடைசி ஷிப்மென்ட்டின் பணத்தில் ஒரு பகுதி அவை கப்பல் ஏறிய பிறகே தரப்படும் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.